ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த கையுறை

அன்புள்ளவருக்கு,

நானும் நம் வாலுப்பெண்ணும் நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

மாதாமாதம் அவளுக்கு நீங்கள் எழுதும் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிரித்ததும் துள்ளிக் குதித்தாள். "அம்மா, அப்பா எழுத்தும் என் எழுத்து மாதிரியே கோணலா இருக்கு!" என்று பக்கத்து வீடு வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். பேனா சரியில்லை என்று ஓரத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். யாரும் கேட்காமலே காரணம் சொல்லும் பழக்கம் உங்களுக்கு எப்போது வந்தது? போனில் கேட்டால், வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள்.

அது இடது கையால் எழுதியது. பன்னிரண்டு வருஷமாக உங்கள் எழுத்தைப் பார்க்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

உங்களுக்கு அனுப்பியதைப் போலவே தைத்து வைத்திருந்த இரண்டாவது ஜோடிக் கையுறையை எடுத்துக்கொண்டு, மறுநாளே தெருமுனையில் இரும்புக் கதவு செய்கிற பட்டறைக்குப் போனேன். வெல்டிங் வேலைக்கு இது தாங்குமா என்று அங்கிருந்த வெல்டரிடம் கேட்டேன். அவர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். "ஜீன்ஸ் துணி சரி. உள்ள என்னம்மா இது, ஸ்பாஞ்சா? பொறி உள்ள போச்சுன்னா உருகித் தோலோட ஒட்டிக்குமே. யாரு தச்சுக் கொடுத்தது?" என்றார். யாரோ கொடுத்தார்கள் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். சூடு தெரியக் கூடாதே என்று நாற்காலி மெத்தைக்கு வாங்கிய ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்தது நான்தானே. ஐந்து விரலுக்கும் அளவு பிசகாமல் தைத்துவிட்டேன் என்று எவ்வளவு பீற்றிக்கொண்டேன்!

எல்லாம் என் வாயால் வந்தது. போன விடுமுறையில் உங்கள் தோல் கையுறையை வீட்டுக்குள் விடாமல் வாசல் ஆணியில் மாட்டச் சொன்னேன். தட்டில் தொடாததை முழங்கை வரை போட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்களே, அது மட்டும் மாடு இல்லையா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. வேலைக்குத் திரும்பியதும் அதைத் தொடுவதையே விட்டுவிட்டதாக எழுதினீர்கள். பூரித்துப்போய்த்தான் நான் துணியில் தைத்து அனுப்பினேன். அன்று அப்படிக் கேட்டபோது என் மடியில் என்ன இருந்தது தெரியுமா? யாரோ தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கை. எத்தனை புழுவை வெந்நீரில் போட்டு எடுத்த நூலோ. அதற்குக் கொக்கி வைத்துக்கொண்டே உங்களிடம் நியாயம் பேசியிருக்கிறேன்.

இந்தப் பார்சலில் தோல் கையுறை ஒரு ஜோடி இருக்கிறது. நானே போய் வாங்கினேன். அளவு பார்க்க உள்ளே கையை விட்டபோது குமட்டியது. வாலு பார்த்துவிட்டு, "இது மாடாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நேற்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

தோலைத் தொடக் கூடாது என்று நீங்கள் நினைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த உயிரை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தோல் இல்லாமல், தீ தாங்குகிற துணியிலும் கையுறை வருகிறதாம், பட்டறைக்காரர் சொன்னார். உங்கள் சூப்பர்வைசரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அது வந்து சேருகிற வரை இதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் தைத்ததைக் குப்பையில் போடுங்கள். என் ஞாபகமாக இருக்கட்டும் என்று ஏதாவது சொல்லி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வாலுவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

டாக்டரிடம் காட்டினீர்களா? புண்ணுக்குப் போட்ட கட்டை யார் மாற்றிவிடுகிறார்கள்? எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள்?

உங்கள் கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டாத நேரமில்லை. பதிலை வலது கையால் எழுதுங்கள். முடியாவிட்டால் இடது கையாலேயே எழுதுங்கள். ஆனால், முடியவில்லை என்று எழுதுங்கள்.

உங்கள்
தையல்காரி