மூடாமல் விட்ட டப்பா

எத்தனை முறை கழுவினாலும் கையைவிட்டுப் போவதில்லை, பைண்டர் பசையைக் கரைக்கும் அந்தத் திரவத்தின் மீன் வாடை. வெளியே புனே மழை. இரண்டும் சேர்ந்தால் உன் நினைவு வந்துவிடும். கூடவே பழைய வயிற்றெரிச்சலும். நீ போய் ஒரு வருடமாகியும் அது ஆறவில்லை.

சோடியம் பேட்டரிக்கு நேர்மின்முனை செய்வதுதான் நம் இருவருக்கும் வேலை. கறுப்புப் பொடியைக் கலவையாக்கி அலுமினியத் தாளில் பூச வேண்டும். நான் கோயம்புத்தூரில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவன். நீ இங்கே புனே தாபோடியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், டிப்ளமாக்காரன். நான் பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். நீ பூசினால் வழவழவென்று நிற்கும். எப்படியடா என்று கேட்டால், "அரே, ஒண்ணும் இல்லடா, கை ராசி" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பொடிக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் டப்பா திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் கலவை களியாக உறைந்துபோகும். நம் இருவரில் யாருடைய தாளைப் பேட்டரிக்கு எடுப்பது, யாருக்குக் குழுத் தலைமை என்று முடிவாகவிருந்த வாரம், ஒரு மாலையில், லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மூடியை அரைகுறையாகத் திருகிவிட்டு ஓடினாய். நான் பார்த்தேன். ஒரு திருகு போதும். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் நீ கரண்டியைத் தூக்கினால் கலவை மொத்தமாக எழுந்து வந்தது. "மூடியை நான்தான் சரியா மூடல, மேரீ கல்தி, என் தப்பு" என்று தலையில் அடித்துக்கொண்டாய். மறுபடி பொடி செய்ய நாளில்லை. வெடித்ததுபோக மிஞ்சிய என் தாளை எடுத்தார்கள். குழுத் தலைமையும் எனக்கு வந்தது. முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தவன் நீதான். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். நாளை, நாளை என்று தள்ளினேன்; அதற்குள் மாரடைப்பு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கலவை உறைந்துவிட்டது. அழப்போனவளைத் தேற்றுவதற்காக உன் கதையைச் சொன்னேன். "அவர் அவ்வளவு அசால்ட்டான ஆளா சார்?" என்று கேட்டாள். இல்லையம்மா, பார்த்தும் மூடாமல் போனவன் நான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"ஆமாம்மா" என்றேன். செத்துப்போன உன்னிடம்கூடத் தோற்க எனக்கு மனம் வரவில்லையடா.