யார் வீட்டுப் பொண்ணு

ஜனவரி 9, திங்கள்

பன்னிரண்டு வருடம் படித்த பள்ளிக்கூடம் எனக்கு ருமேனிய மொழியைக் கற்றுத்தரவில்லை. மனப்பாடம் செய்யவைத்து, தேர்ச்சி என்று எழுதி அனுப்பிவிட்டது. செத்துப்போன கவிஞர்கள் நிலாவைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்று நாலு பக்கம் ஒப்பிப்பேன். கடையில் அரைக் கிலோ வெங்காயம் கேட்க வராது. எங்கள் சீக் மலைப்பக்க ஊர்களில் அதற்கு அவசியமும் இல்லை. கடைக்காரர், டாக்டர், பாதிரியார், போலீஸ்காரர் எல்லோருக்கும் வீட்டு மொழி ஹங்கேரியன்தான். அடையாள அட்டையில் மட்டும் ருமேனியா. இந்த நாட்டிலேயே பிறந்து, இருபத்து நாலு வயதில், இந்த நாட்டுச் சமையலறை ஒன்றில் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

சமையலறை சில்வியுவின் அம்மாவுடையது. ஃபொக்ஷான் நகரத்தைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். அவன் நேற்று ஜெர்மனிக்குக் கட்டட வேலைக்குத் திரும்பிவிட்டான். அங்கே ஒரு கோழி ஆலையில்தான் பார்த்துக்கொண்டோம். என் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி எனக்கு வராது. உடைந்த ஜெர்மனில் சண்டை போட்டு, உடைந்த ஜெர்மனில் சமாதானம் ஆவோம். கோழி அறுத்து அறுத்து என் மணிக்கட்டு கெட்டதும் ஆலை என்னைக் கழித்துக் கட்டியது.

"குளிர்காலம் முழுக்க எங்க வீட்ல இரு. பேசக் கத்துக்க. ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணம்" என்றான்.

ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த பழுப்பு ஜாக்கெட்டை எனக்காக விட்டுப்போயிருக்கிறான். காலையில் கோழிகளுக்குத் தீனி வைக்க அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். முழங்கால் வரை தொங்குகிறது.

ஜனவரி 14

மிராபெலா எனக்குப் பாடம் எடுக்கிறாள். சில்வியுவின் தங்கை, பேக்கரியில் வேலை, வாய் சும்மா இருக்காது. இந்த வாரம் 'என்', 'உன்', 'அவன்'.

எங்கள் மொழியில் 'என்' என்பது பொருளின் வாலில் ஒட்டுகிற ஒரு எழுத்து. அதோடு தீர்ந்தது. இங்கே 'என்' மட்டும் நாலு. பொருள் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று பார்த்து மாற்ற வேண்டும். அதை வைத்திருப்பவர் யார் என்பது கணக்கிலேயே இல்லை. சில்வியுவின் முடி அடர்ந்த கை இருக்கிறதே, அதுகூடப் பெண்தான்.

"கட்டில்?" என்றேன்.

"ஒண்ணா இருந்தா ஆம்பளை. ரெண்டு சேத்துப் போட்டா பொம்பளை."

"அது ஏன்?"

"ஏன்னு கேட்டுட்டிருந்தா கல்யாணம் நடக்காது அண்ணி. அப்படியே மனப்பாடம் பண்ணு."

மறுபடியும் மனப்பாடம். வீடு முழுக்க நடந்து வாளி, ஜன்னல், கோழி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு 'என்' போட்டுப் பழகினேன். சில்வியுவின் அம்மா அனெத்தா முட்டைக்கோஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பரவால்லயே. வந்து ஒரு வாரம் ஆகல, என் கோழி வரைக்கும் எடுத்துக்கிட்டா."

கேலியா, கோபமா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. சில்வியு 'அம்மா' என்றே கூப்பிடச் சொன்னான். நான் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், முன்னால் போய் நின்று பேசுகிறேன்.

ஜனவரி 22

கோயில் வாசலில் மூன்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" பொரோக்கா என்ற என் பெயரை இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்கள். அனெத்தா பக்கத்தில்தான் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை. மிராபெலாதான் பதில் சொன்னாள்: "ஹங்கேரிக்காரி. எங்க அண்ணன் எங்கேயோ புடிச்சுக் கூட்டிட்டு வந்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

போனில் சொன்னேன். சில்வியுவும் சிரித்தான். "அனெத்தா வீட்டு சில்வியுவோட ஆளுன்னு சொல்லு. எங்க, சொல்லு பாக்கலாம்." திரும்பத் திரும்பச் சொல்லவைத்தான். தப்பு, தப்பு, மறுபடி தப்பு. "விடு, கல்யாணத்துக்குள்ள வந்துரும்" என்றான்.

பிப்ரவரி 1

'அவன்' மட்டும் சுலபம். எந்தப் பொருளோடு சேர்ந்தாலும் மாறுவதில்லை. அவன் கட்டில், அவன் கை, அவன் ஜாக்கெட்.

பிப்ரவரி 8

நேற்று சில்வியு சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கயிறு கட்டவில்லை. கட்டுவதற்குக் கயிறு கொடுக்கவே இல்லை. பலகையெல்லாம் உறைபனி, நாளைக்கு ஏறலாம் என்று கேட்டிருக்கிறார்கள். மேஸ்திரி முடியாது என்றிருக்கிறான். கூட வேலை பார்த்தவன் போனில் சொன்னது என்று மிராபெலா எனக்குப் புரியவைத்தது இவ்வளவுதான். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊர் ஊராக வண்டி அனுப்புவார்கள், கயிறு வாங்க மட்டும் ஒருத்தனுக்கும் நேரம் கிடைக்காது.

போன் எனக்கு வரவில்லை. அனெத்தாவுக்கு வந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான். என், என், என். ஆண் ஒருமை, சரியான வடிவம்.

அதை கவனிச்சேன். அந்த நேரத்துலயும் இலக்கணத்தை கவனிச்சேன். நான் என்ன பிறவி?

பிப்ரவரி 16

அடக்கம் முடிந்தது. கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்தது, மனிதர் யாரும் வரவில்லை.

பாதிரியார் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "சில்வியுவோட சிநேகிதி. பாவம், தூரத்துலேருந்து வந்த பொண்ணு" என்றார் அனெத்தா. பிரார்த்தனையில் வீட்டார் பெயர்களையெல்லாம் வாசித்தார்கள். சிநேகிதியின் பெயர் எதற்கு? பெட்டிக்குப் பின்னால் உறவுக்காரர்கள் நடந்தார்கள், நான் அக்கம்பக்கத்தாரோடு நடந்தேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

பிப்ரவரி 27

பாடம் இல்லை. மிராபெலா பேக்கரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள்.

மார்ச் 11

அடுத்த சனிக்கிழமை நாற்பதாம் நாள். அவன் பொருள்களையெல்லாம் அவன் உயரமுள்ள ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். கட்டில், போர்வை, சூட், ஷூ, தட்டு, டம்ளர். வாங்கியவன் இங்கே உடுத்தினால்தான் செத்தவனுக்கு அங்கே துணி. இவன் படுத்தால்தான் அவனுக்குப் படுக்கை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. மிராபெலா எல்லாவற்றையும் நேற்றே விளக்கமாகச் சொல்லிவிட்டாள்.

இன்று அனெத்தா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் புரியவேண்டுமென்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அவனோடதுல உனக்குன்னு எது வேணுமோ, எடுத்து வெச்சுக்க. மத்ததைக் குடுத்துடறேன்."

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. ஆனால் அடக்கத்தன்று சொன்ன 'சிநேகிதி' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. வரிசையில் இடம் கொடுக்கவில்லை, இப்போது துணி கொடுக்கிறார்கள் என்று தோன்றியது.

"இங்கே என்னுடையது எதுவும் இல்லை" என்றேன்.

இந்த மொழியில் நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம். அனெத்தா தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். எனக்குத் திருப்தியாக இருந்தது. சாப்பாட்டு நேரம்வரைக்கும்.

மார்ச் 18

முற்றத்தில் கட்டிலைப் போட்டு, விரிப்பு விரித்து, தலையணை வைத்தார்கள். பக்கத்தில் மேசை. அதில் பீன்ஸ், ரொட்டி, வைன், எரிகிற மெழுகுவர்த்தி. தலையணைமேல் மடித்து வைத்திருந்தது அந்தப் பழுப்பு ஜாக்கெட்.

அது துணிமணிக் குவியலில் இருக்கும் என்று நான் ஏன் நினைக்கவில்லை? அது அவனுடையதுதானே. எதுவும் வேண்டாம் என்றால் அதுவும்தானே.

வாங்கிக்கொண்டவன் எதிர்வீட்டு பனாயித். டிராக்டர் ஓட்டுகிறவன், சில்வியுவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்கும்போது குழந்தை மாதிரி அழுதான். கட்டில் வாசற்கதவில் மாட்டிக்கொண்டது. "காலைத் திருப்புடா, கழுதை" என்று யாரோ கத்தினார்கள். "கட்டில் காலையா, என் காலையா?" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். நாங்கள் படுத்த கட்டில் தெருவைக் கடந்து போயிற்று. நான் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

சாயங்காலம் கோழித் தீனியை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் கதவுக்குப் பின்னால் கையை நீட்டினேன். ஆணிதான் தட்டுப்பட்டது.

எங்கள் வீட்டில் செத்துப்போன அப்பாவின் தொப்பி இன்னும் அவர் மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது.

மார்ச் 26

கோயிலில் எனக்கு முன்னால் அவன் முதுகு. அவன் இல்லை என்று தெரியும். தெரிந்தும் கால் ரெண்டடி முன்னால் போய்விட்டது.

வெளியே வந்ததும் பனாயித்தை நிறுத்தினேன். "அந்த ஜாக்கெட்டைக் குடு. வேற புதுசு வாங்கித் தரேன்."

"நான் என்ன ஆசைப்பட்டா போட்டிருக்கேன்? அக்குள்ல பிடிக்குது. வேர்த்துக் கொட்டுது. போடலன்னா உன் மாமியார் தெருவுல நிக்கவெச்சுக் கேப்பாங்க."

மாமியார் என்றான். இந்த ஊரில் அந்தச் சொல்லை எனக்காகச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

"குடு."

"கழட்டினா அங்க அவனுக்குக் குளிரும், பொரோக்கா." கையை என் பக்கம் நீட்டினான். "வேணும்னா தொட்டுப் பாத்துக்க."

அங்கே குளிரும் என்பதெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் குடு என்று இன்னொரு முறை சொல்ல வாய் வரவில்லை. தொடவும் இல்லை. தொட்டிருக்கலாம்.

மார்ச் 27

தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டும்போது மிராபெலா கேட்டாள்: "பனாயித்கிட்ட ஜாக்கெட் கேட்டியாமே?"

"உங்க அம்மா குடுத்திருக்கக் கூடாது. தினமும் நான் போட்டதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த நாரைக் கீழே போட்டாள். "அம்மா அதைத் துணியோட சேக்கவே இல்ல அண்ணி. உனக்குன்னு கதவுக்குப் பின்னாடியே விட்டு வெச்சிருந்தா. யாரும் தொடாதீங்கன்னு எங்ககிட்ட சொன்னா. சும்மா கொடுத்தா நீ தப்பா எடுத்துப்பன்னுதான் உன்னைக் கேட்டதே. நீ இங்க என்னோடது எதுவும் இல்லன்னுட்ட."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன? குடுக்கற அன்னிக்குக் காலையிலதான் கொண்டுபோய்க் கட்டில்ல வெச்சா."

சரியாக முடிச்சுப் போடத் தெரியாமல் மத்தியானம் வரை ஒரே கொடியைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் கோபம் பொய் இல்லை. என்னைப் பின்வரிசையில் நடக்கவிட்டார்கள், அது நடந்தது. ஆனால் அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன்!

ஏப்ரல் 9

இன்று எங்கள் கத்தோலிக்க ஈஸ்டர். ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர்களான இவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, விரதம் முடியவில்லை. எழுந்து வந்தபோது என் தட்டில் ஒரு சிவப்பு முட்டை. எனக்காக மட்டும் சாயம் போட்டிருக்கிறார். நன்றி என்றேன். அதற்குமேல் சொல்ல நிறைய இருந்தது, இப்போது அதற்குத் தேவையான சொற்களும் இருக்கின்றன. அனெத்தா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முட்டையைத் தின்றுவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 17

ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். ஜெர்மனியில் ஸ்ட்ராபெரி பறிக்க ஆள் வேண்டுமாம். மணிக்கட்டைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 25ஆம் தேதி ஃபொக்ஷானிலிருந்து பஸ்.

அனெத்தாவிடம் சொன்னேன். "சரி" என்றார். இரு என்று சொல்வார் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

ஏப்ரல் 24, திங்கள்

இறந்தவர்களின் ஈஸ்டர். ஊரே கல்லறைத் தோட்டத்தில். கல்லறைகள்மேல் துணி விரித்து, சிவப்பு முட்டை, இனிப்பு ரொட்டி, வைன். சில்வியுவின் மண் இன்னும் முழுதாக அமுங்கவில்லை. டம்ளர் சாய்ந்துகொண்டே இருந்தது. நல்ல வெயில். பனாயித் ஜாக்கெட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, முகம் சிவந்து, எங்களோடு உட்கார்ந்திருந்தான். "இவன் செத்தும் என்னை வேகவைக்கிறான்" என்றான். மிராபெலா அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எங்கள் துணி ஓரத்தில் நின்றாள். அனெத்தாவுக்கு வணக்கம் சொன்னாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?"

பதில் எனக்குத் தெரியும். சில்வியு சொல்லிக்கொடுத்த வாக்கியம் இப்போது தூக்கத்தில் கேட்டாலும் பிழையில்லாமல் வரும். நான் அதைச் சொல்லவில்லை. அனெத்தாவைப் பார்த்துத் திரும்பினேன்.

"அம்மா" என்றேன். முதல் தடவை. "நீங்க சொல்லுங்க. நான் யாரு வீட்டுப் பொண்ணு?"

அனெத்தா கையில் முட்டை பாதி உரிந்திருந்தது. மீதியையும் உரித்தார். உப்பில் தொட்டார். என்னைத் தாண்டிக் கையை நீட்டி, சில்வியுவின் பங்காக, பனாயித்திடம் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு, தின்னாமல், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.