பன்னிரண்டாவது சாட்சி

லராச்சே, அக்டோபர் 4

என் கண்ணான மகள் ஷாமாவுக்கு,

யெம்மா எழுதுகிறேன். நீ போனில் அழுததிலிருந்து பிசைந்த மாவு பிசைந்தபடி கிடக்கிறது. ஸ்பெயினில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டுப் போனால், உன் பேரில் ஒரு நாள் சம்பளம்கூட இல்லை என்கிறார்களா? ஆறு வருஷம் வெல்வா வயலில் ஸ்ட்ராபெரி பறித்தவள் நீ. ஒரு பருவம் நானும் உன் பக்கத்து வரிசையில் குனிந்து கிடந்தேனே.

காகிதம் இல்லாத உனக்கு உன் அக்கா ஹஃபீதா தன் வேலை அனுமதி அட்டையைக் கொடுத்தாள், அவள் பேரில் வேலை செய்தாய். அவ்வளவுதானே? உண்மையைச் சொல்லி அவளை ஒரு கையெழுத்துப் போடச் சொல். என் பேத்தி வியாம் ஸ்பானியப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு வகுப்பில் முதலாவது வருகிறாள். அவளை யார் திருப்பி அனுப்புவது?

உன் யெம்மா தாமோ

---

வெல்வா, அக்டோபர் 10

யெம்மாவின் கைகளுக்கு முத்தம்.

அக்காவிடம் போனேன். காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சம்பளத்தக் காட்டித்தாண்டி போன மாசம் எனக்கு நிரந்தர அனுமதி வாங்கினேன். இப்ப நீதான் உழைச்சேன்னு சொன்னா என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாங்க."

வயல் மண்ணை மிதிக்காதவள், யெம்மா. நான் காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். என்னோடு பறித்த பன்னிரண்டு பேர், சாட்சிப் பத்திரம் எழுதும் நம்மூர் அதூல் முன்னால் சாட்சி சொல்லி, அவர் முத்திரை போட்டுத் தர வேண்டும். பருவம் முடிந்து வந்த பெண்களெல்லாம் உன் தெருவைச் சுற்றித்தானே இருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் காகிதம் வராவிட்டால் எனக்கும் வியாமுக்கும் இங்கே இடமில்லை.

ஷாமா

---

லராச்சே, அக்டோபர் 19

ஷாமா,

பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அதூல் வாசலில் பதூல் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பெரியவ போன் பண்ணினா, லல்லா. என் மவனுக்கு அங்க வேலை பாத்துத் தர்றாளாம். என்னை விட்டுருங்க."

"போ. உன் மவனாவது நல்லா இருக்கட்டும்" என்றேன்.

உள்ளே போய், பன்னிரண்டாவது ஆள் நான் என்றேன். அதூல் கண்ணாடியைக் கழற்றினார். "பெத்தவ பிள்ளைக்குச் சாதகமாச் சொல்ற சாட்சி செல்லாது, லல்லா தாமோ."

முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பிள்ளைக்கு எதிராச் சொன்னா செல்லும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "சின்னவ உழைச்சான்னு நீங்க சொல்ல வேணாம். அதை இவங்க சொல்லட்டும். நீங்க பெரியவ உழைக்கலைன்னு மட்டும் சொல்லுங்க."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தி 'வேண்டாம்' என்பாள் என்று நின்றேன். ஒருத்தியும் சொல்லவில்லை.

சொன்னேன். ஹஃபீதா அந்த வயலில் ஒரு பழம்கூடப் பறிக்கவில்லை என்று சொன்னேன். அதூல் மைப்பெட்டியை என் கட்டைவிரல் பக்கம் நகர்த்தினார். அதைத் தள்ளிவிட்டு, பேனா வாங்கி, ஐந்தாம் வகுப்பு எழுத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன்.

காகிதம் இதற்குள்ளேயே இருக்கிறது. கிடைத்தது என்று எழுத வேண்டாம். நன்றி சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். வியாம் பேசட்டும், பாடம் ஒப்பிக்கட்டும், கேட்கிறேன். என்னை யெம்மா என்று கூப்பிடும் குரல் மட்டும் கொஞ்ச காலத்துக்கு இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.

தாமோ