மெட்டு மாறிய சங்கீதம்

ஆர்னபோஸ்ட்,
7 செப்டம்பர் 1966

மகள் மார்சலிக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் சுகத்தையும் விசாரிக்கிறேன். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறவன் சுற்றி வளைக்கக் கூடாது. விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஓய்வுநாள் நம் சபையில் திருவிருந்து. சுற்றுவட்டாரம் முழுக்க வந்திருந்தது, நானூறு பேர் இருப்பார்கள். போதகர் நூற்று முப்பதாம் சங்கீதத்தைச் சொன்னார். வழக்கம்போல் நான் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். முதல் பத்தி நம் பழைய மெட்டில்தான் போனது. இரண்டாம் பத்தியில் வாய் வேறு மெட்டுக்குத் தாவிவிட்டது. அது ஞானப்பாட்டு மெட்டு, சங்கீதத்தைத் தவிர வேறெதையும் பாடாத நம் சபையில். உன் கணவருடைய சபையில் ஆர்கனோடு பாடுகிறார்களே, அதேதான். இரண்டுக்கும் அடியளவு ஒன்று. வார்த்தை எங்கேயாவது இடித்திருந்தால் சுதாரித்திருப்பேன். இடிக்கவே இல்லை. கடைசி வரியில்தான் எனக்கே உறைத்தது.

வெளியே வந்ததும் ரோரி மூப்பர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்ப்பா ஃபின்லே, மனுஷன் எழுதின பாட்டோட மெட்டு உன் வாய்க்குள்ள எப்படிப் பூந்துச்சு?" என்றார். பதற்றத்தில் ரேடியோவில் கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். "உன் வீட்டுல ரேடியோவே கிடையாதே!" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பத்தொன்பதாம் தேதி மூப்பர்கள் கூடி விசாரிக்கிறார்கள். ஞானப்பாட்டுச் சபைப் பக்கம் நான் போனதாக ஆகிவிட்டால் என் இடம் போய்விடும். இருபத்தொன்பது வருஷமாக நின்ற இடம். ஆகையால் நீ ரோரி மூப்பருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கோடையில் அப்பாவைப் பார்க்க வந்தேன், பாத்திரம் கழுவும்போது அந்த மெட்டை முணுமுணுத்தேன், அது அவர் காதில் ஒட்டிக்கொண்டது என்று எழுது. உன் பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. உனக்கு இதனால் புதிதாக ஒரு நட்டமும் இல்லை.

உன் தகப்பன்,
ஃபின்லே மக்கிவர்

ஸ்டோர்னவே,
10 செப்டம்பர் 1966

அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். உங்களுக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்து நின்றபடியே பிரித்தேன். படித்து முடித்த பிறகு உட்கார்ந்தேன்.

என் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அந்தச் சபையில் கட்டிக்கொள்கிறவள் என் மகள் இல்லை என்று அத்தையிடம் சொல்லி அனுப்பினீர்கள். ஈஸ்டர்தோறும் நான் எழுதிய கடிதங்களுக்கு ஒரு வரி பதில் இல்லை. ஆறு வருஷம் கழித்து முதல் கடிதம் வருகிறது, அதில் பொய் எழுதித் தரச் சொல்கிறீர்கள். நான் படியேறாத வீட்டில் நான் பாத்திரம் கழுவினேனாம். இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கிர்ஸ்டி அத்தை திங்கட்கிழமையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "உங்கப்பா தடம் மாறுனதுகூடப் பெரிசில்லடி, அத்தனை பேரும் ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமப் பின்னாலயே பாடுனாங்க பாரு, அதான் வேடிக்கை" என்றாள். அந்த நானூறு பேருக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்கிறதே, அவர்கள் வீட்டுக்கெல்லாம் வந்து நான் பாத்திரம் கழுவினேனா? மூப்பர்கள் அதை விசாரிக்க மாட்டார்களா?

நான் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மெட்டு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

மார்சலி

ஆர்னபோஸ்ட்,
13 செப்டம்பர் 1966

மார்சலிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வியாழக்கிழமைதோறும் ஆட்டுத் தீவனம் வாங்க டவுனுக்கு வருகிறேன். உங்கள் ஆலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. போன வருஷம் இதே சமயம் ஒரு நாள் மழைக்கு அந்தச் சுவரோரம் ஒதுங்கினேன். உள்ளே ஆர்கன் சத்தம் கேட்டது. யார் வாசிப்பது என்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் நான் மெட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதே நீ மூன்றாம் அடியில் இழுப்பாய். சங்கீத வார்த்தையை வெறும் பயிற்சிக்குப் பாடக் கூடாது என்று நம் பசுவின் பேரை வைத்துப் பாடுவோமே, அதிலும் இழுப்பாய். இப்போதும் இழுக்கிறாய். அது தப்பு.

அதன் பிறகு மழை இல்லாத வியாழனும் நின்றேன். தீவன மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நீ முடிக்கும்வரை நிற்பேன். உள்ளே வர எனக்கு வழி தெரியவில்லை. அந்த ஆலயத்தில் கால் வைக்க மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொன்னவன் நான்.

இப்போது மறுபடியும் கேட்கிறேன். எனக்கு அந்த இடத்தை விட்டால் ஒன்றும் இல்லை. உன் அம்மா போன பிறகு வாரத்தில் ஒரு நாள்தான் என் குரலை நானே கேட்கிறேன். அதையும் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. எழுதிக் கொடு, மார்சலி.

அப்பா

ஸ்டோர்னவே,
16 செப்டம்பர் 1966

அப்பா,

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ரோரி மூப்பருக்கு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே, பாத்திரம் உட்பட. ஆண்டவர் சாட்சி என்று முடித்திருக்கிறேன், இல்லாவிட்டால் அவர் நம்ப மாட்டார். என் வீட்டுக்காரர் இயூவன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அவருடன் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

உங்கள் இடம் உங்களுக்கே. அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். இனி அந்தச் சந்தில் நிற்காதீர்கள். ஒரு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு என்னிடம் கேட்பதற்குப் பொய்தான் உங்களுக்குக் கிடைத்தது. ஆர்கன் பயிற்சியைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டேன். வியாழன் வந்தால் பூட்டுதான் இருக்கும்.

மார்சலி

ஆர்னபோஸ்ட்,
20 செப்டம்பர் 1966

அன்பு மகள் மார்சலிக்கு,

நேற்று மூப்பர்கள் கூடினார்கள். ரோரி உன் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தார். எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது, எனக்கும்தான். "நான் அப்பவே நெனச்சேன், நம்ம ஃபின்லே அந்தப் பக்கம் போற ஆளா?" என்றார் ஒருவர். டீ கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அப்போது ரோரி சொன்னார்: "சரிப்பா, பொண்ணால வந்த வினை. இனிமே அவளை வீட்டுப்படி ஏத்த மாட்டேன்னு எங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லிடு. அதோட முடிஞ்சுது."

ஒரு வார்த்தைதான், மார்சலி. ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரும் கேட்காமலே சொன்னவன் நான். சொல்ல வாயைத் திறந்தேன். மேசையில் உன் கடிதம் விரித்தபடி கிடந்தது. ஆண்டவர் சாட்சி என்று நீ எழுதியிருந்த வரி எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அந்தப் பொய்யை உன்மேல் ஏற்றியவன் நான், அதற்கு மேலும் உன்னை வெளியே நிறுத்தச் சொல்கிறார்கள்.

எழுந்து நின்று சொன்னேன். "அவ ஆறு வருஷமா என் வீட்டுக்கு வரவே இல்ல. நான்தான் வர விடல. இந்தக் கடுதாசி நான் கெஞ்சி வாங்குனது. மெட்டு அவ வாசிச்சதுதான். சொவத்துக்கு வெளிய நின்னு கேட்டேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு வருஷமா."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. ரோரி, "பாட்டுக்காகப் போனியா, பொண்ணுக்காகப் போனியா?" என்று கேட்டார். பாட்டுக்காக என்று சொன்னால் பாவம், பொண்ணுக்காக என்றால் மன்னித்துவிடுவார்கள் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நேற்று ஒருமுறை உண்மை பேசிவிட்டேன், அதை மறுபடி கெடுக்க மனம் வரவில்லை. இரண்டும்தான் என்றேன்.

இடம் போய்விட்டது. வருகிற ஓய்வுநாளிலிருந்து ரோரியின் மருமகன் எடுத்துக் கொடுப்பான். அவனுக்கு மேல் ஸ்தாயி எட்டாது, சபை கஷ்டப்படும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாரோடும் பாடுவேன். நேற்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இயூவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவர் சொன்னதுதான் சரி. அவரோடு பேசு.

வியாழக்கிழமை தீவனம் வாங்க வருவேன், உன் பேச்சை மதித்து அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். செவ்வாய்க்கிழமை எனக்கு டவுனில் ஒரு வேலையும் இல்லை. வரும் செவ்வாய் வருகிறேன், முன்வாசல் வழியாக.

உன் அப்பா