ஏழு மணி ஜெபத்துக்குப் பதில்

பாயான் பாரு,
பினாங்கு.

அன்பு மகள் பிரமிளாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். முட்டி வலி குறைந்திருக்கிறது, லிஃப்ட்தான் மறுபடி பழுது. அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு நீ விமானம் ஏறி நாளையோடு இரண்டு மாதம். போனில் நீ கேட்கும்போதெல்லாம் மாலை ஜெபம் தவறாமல் நடக்கிறது என்றேன் அல்லவா, அது பொய்யம்மா. பத்து காவான் தோட்டத்திலிருந்து உன் தாத்தா கொண்டுவந்த அந்த ஜெபப் புத்தகத்தில் போதகர் சொல்லும் வரி எனக்கு, சபை சொல்லும் வரி அம்மாவுக்கு. முப்பத்தெட்டு வருஷமும் இந்த வீட்டில் கடைசி வார்த்தை அவளுடையதுதான், ஜெபத்திலும் அப்படியே. மீன் பொரித்துக்கொண்டே சமையலறையிலிருந்து பதில் சொல்வாள். இப்போது ‘கர்த்தர் உங்களோடிருப்பாராக’ என்று நான் சொன்னதும் வீடு சும்மா இருக்கிறது. இரண்டு பங்கையும் நானே சொல்லிப் பார்த்தேன், எனக்கு நானே கைகொடுத்துக்கொள்வது போல வெட்கமாக இருந்தது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை மனது தாளாமல் மறுபடி எடுத்தேன். முதல் வரியைச் சொல்லிவிட்டு நின்றால், ‘உமது ஆவியோடும் இருப்பாராக’ என்று பதில் வருகிறது. பக்கத்து வீட்டுக் குணவதி, சாமி விளக்கு ஏற்றிய கையோடு நம் கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். இருபது வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்குறேன் அண்ணே, அக்கா சொல்றதெல்லாம் எனக்கும் மனப்பாடம் லா, நீங்க பாதியில நிறுத்துனா எனக்குச் சோறு எறங்கல என்றாள். நான் அழுதுவிட்டேன், அவளும் அழுதாள். அன்றிலிருந்து தினமும் வந்து நின்று சொல்கிறாள், எனக்கும் கொஞ்சம் தூக்கம் வருகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் மகளின் பேறுகாலத்துக்குப் புக்கிட் தெங்கா போயிருப்பாள், திரும்ப ஒரு மாதமாகும். அதுதான் உனக்கு எழுதுகிறேன். உன் ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரே மணிதானே. ஏழு மணிக்கு நீ அங்கே எந்த வேலையில் இருந்தாலும் அம்மாவின் வரியைச் சொல்லு. போன் போட வேண்டாம். உனக்கு மறந்திருக்காது, ஆறு வயதில் அம்மாவை முந்திக்கொண்டு சொல்லி அவளிடம் கொட்டு வாங்கியவள் நீ.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மாப்பிள்ளையை அதட்டாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும். ஏழு மணி, மறந்துவிடாதே. நீ சொல்லி முடிக்கிற நேரம் வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

உன் அப்பா,
சா. தேவபாலன்