தோள் கொடுக்க வந்தவர்கள்

பாவா,

இன்று காலை உங்கள் வீட்டிலிருந்து கடுகெண்ணெய் காயும் வாசனை வந்தது. அக்கா தன் மகனோடு சென்னைக்குப் போனபிறகு, செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பம் ஒன்று அங்கே குடியிருக்கிறது. வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம்தான்.

நீங்களும் வெளியே இருந்து வந்தவர்தானே. எல்லை பிரித்தபோது திருத்தணியோடு நம் ஊரும் தமிழ்நாட்டுக்கு வந்தது. உங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அக்காவைக் கட்டிக்கொண்டு இங்கேயே குடிவந்த உங்களை "அந்தப் பக்கத்து மாப்ள" என்று கேலி பேசினார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே தெலுங்கில் திருப்பிக் கொடுப்பீர்கள். கேலி செய்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு.

பிறகு ஊர் மெல்லக் காலியானது. படித்த பையன்கள் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கும் போனார்கள். சர்ச் தெருவிலும் பாதி வீடுகளுக்குப் பூட்டு. பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடப்போவதாகப் பேச்சு வந்தபோது, நீங்கள் சூளைக்குப் போய் அங்கிருந்த பிள்ளைகளை அழைத்து வந்தீர்கள். கோயில் தர்மகர்த்தா மாமாவுக்குக் கோபம்.

"இன்னா மாப்ள, எங்கிருந்தோ வந்ததுங்கள நம்ம புள்ளைங்களோட உக்கார வெக்கிற?"

"நானும் எங்கிருந்தோ வந்தவன்தானே மாமா. பந்தியில உங்க பக்கத்துல உக்கார வெச்சீங்களே."

பள்ளிக்கூடம் பிழைத்தது. மாமா மட்டும் உங்களோடு வெகுநாள் பேசவில்லை.

நீங்கள் போன அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. மகன் கொள்ளிச்சட்டியோடு நிற்கிறான். பாடை தூக்க ஆளில்லை. இருந்தவர்கள் எல்லாம் மூட்டுவலிக்காரர்கள். அப்போது சூளை ஆட்கள் தலைக்குக் குளித்து, ஈரம் சொட்ட வந்து நின்றார்கள். ஒருவன் தயங்கித் தயங்கி, "நாங்க தூக்கலாமா?" என்றான். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆங்... தூக்குங்கப்பா. ஏரிக்கரை மேட்டுல வழுக்கும், பாத்துப் போங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. சுடுகாடு வரைக்கும் பாடையில் ஒரு கை வைத்தபடியே நடந்தாராம்.

உங்கள் தெலுங்கு எனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. ஒரு வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டது. யார் வாசலில் வந்து நின்றாலும், எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்கும் முன் நீங்கள் கேட்பது: "தின்னாவா?" சாப்பிட்டாயா என்று. போன வாரம் சூளைக்குப் புதிதாக வந்த பெண்ணொருத்தி, இடுப்பில் குழந்தையோடு வழி தெரியாமல் என் வாசலில் வந்து நின்றாள். என் வாயில் தானாக அது வந்துவிட்டது. அவளுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் குழந்தையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள், பாவா.