இரண்டு ஆண் வாத்துகள்

யூன்ஃபெங்கின் பெரியம்மாவுக்கு,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. நான் அமோகமாக இருக்கிறேன். நான் வைக்கும் கஞ்சியின் வாசனைக்குக் கால்வாயில் படகுகளே நின்றுவிடுகின்றன.

என் தம்பி மகன் யூன்ஃபெங்கின் கல்யாணப் போர்வையில் ஜோடி வாத்து தைக்கும் வேலையை, பேரரசருக்கே தைத்த பரம்பரையில் வந்த ஒருவரிடம் கொடுத்தேன். நீலமும் பொன்னுமாக இரண்டும் ஜொலித்தன. பெண் வீட்டில் விரித்துக் காட்டினேன். பெண்ணின் அம்மா சியூஜென் வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணே, ரெண்டுமே ஆம்பள வாத்தால்ல இருக்கு. பொட்டை எங்க?"

"அது பழுப்பா, மங்கலா இருக்கும்மா. கல்யாணத்துக்கு எடுப்பா இருக்கட்டுமேன்னு நான்தான் சொன்னேன்."

"ஆயுசுக்கும் பிரியாத ஜோடின்னுதானே வாத்தத் தைக்கிறோம்? இதப் போத்திக்கிட்டு எம்பொண்ணு எப்படிண்ணே வாழ்வா? அண்ணி இருந்தா விட்டிருப்பாங்களா?"

விட்டிருக்க மாட்டாய். குளத்தில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போவது அந்தப் பழுப்புப் பறவைதான் என்று எனக்கு முதலில் காட்டியவள் நீ. உன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீ கிளம்பிப் போன அன்று விருந்தில் எல்லார் முன்னாலும் உன் பழுப்புச் சட்டையைக் கேலி செய்ததும் இதே கண்தான்.

ஒரு வாத்தைப் பிரித்தெடுத்துவிட்டேன். புருஷனோடு சேர்ந்து வாழும் பெண்தான் அந்த இடத்தில் பெட்டையைத் தைக்க வேண்டும் என்கிறாள் சியூஜென். கல்யாணம் இருபதாம் தேதி. நீ அதற்குள் வந்துவிடுவாய் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். நான் அளந்த கதைகளில் இது ஒன்றாவது உண்மையாகட்டும்.

இப்படிக்கு,
பழுப்பு நூல் வாங்கி வைத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்